முளைக்கு முளை நானூற்று நாற்பது அடி

செல்லத்துரையைப் போலீஸ் பிடித்த சேதி வந்தபோது நான் டுட்டோரியலில் கரும்பலகைக்குக் கரி பூசிக்கொண்டிருந்தேன். பால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"எலே கொமரேசா, ஒங்க பயல் செல்லத்துரையைப் பிடிச்சோண்டு போனாவ. கையிலே சங்கிலியும் முளையும் இருந்துதாம். எல்லை போட்டான்னாக்கும் சொல்லுதாவ."

நான் சிரித்துவிட்டேன். தமிழ் ராஜ்யத்துக்கும் மலையாள ராஜ்யத்துக்கும் நடுவே எல்லை எங்கே போடப் போகிறார்கள் என்று தெரியாமல் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் ஒரு ஊரும் சரியாகத் தூங்காத காலம் அது. டெல்லியிலிருந்து பெரிய ஆட்கள் வந்து போட வேண்டிய எல்லையை, ஒரே பஸ் கணக்கைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டவன் போய்ப் போட்டானாம். பிறகுதான் அந்தச் சங்கிலி எங்கள் டுட்டோரியல் சங்கிலி என்பது உறைத்தது. கையைக் கழுவாமலே ஓடினேன். அடுத்த வாரம் பரீட்சை.

லேப் அட்டெண்டர் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் கிளாஸ் தோற்றவன். தோற்றவன் எழுதி நாங்கள் படிப்பதா என்று கேட்பீர்கள். அந்தக் கிளாஸை நான் இரண்டு வருஷம் படித்தேன். ஜெயித்தவன் ஒரு வருஷம்தான் படித்தான். யாருக்குக் கூடத் தெரியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. ஊசல் பிடிக்கிற வேலை

எங்கள் டுட்டோரியல் தனுவச்சபுரம் போகிற வழியில் ஒரு பழைய நெசவுக் கொட்டகையில் நடந்தது. பத்தாம் கிளாஸில் தோற்றவர்களைச் சேர்த்துத் தமிழில் பாடம் சொல்லி மறுபடி பரீட்சைக்கு அனுப்புவோம். நடத்தியவர் தங்கையா சார். பிசிக்ஸ் அவருக்கு உயிர். ஆனால் கொட்டகையில் லேப் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு ஸ்பிரிங் தராசு, ஓரம் உடைந்த ஒரு லென்ஸ், சந்தையில் பழைய இரும்போடு கிடந்த ஒரு சர்வே சங்கிலி, பிறகு நான்.

"லேப் இல்லேன்னா என்ன, ரோடு உண்டு" என்பார் சார். அதனால் கணக்கெல்லாம் வெளியில்தான். தேங்காய் வெட்ட ஆள் ஏறினால் பிள்ளைகள் மரத்தடிக்கு ஓடுவார்கள். காய் விழ எத்தனை செகண்ட் என்று எண்ணி, முப்பத்திரண்டு அடி ஆக்சலரேஷனை வைத்து மரத்தின் உயரம் சொல்வார்கள். கிணற்றில் நான் தண்ணீர் இறைத்தால் எத்தனை அடி-ராத்தல் வேலை என்று கணக்குப் போடுவார்கள். அந்த வேலைக்குச் சம்பளம் மட்டும் யாரும் கணக்குப் போட்டதில்லை.

எல்லாவற்றிலும் பெரியது பஸ் கணக்கு. ரோட்டோரம் இரண்டு முளை அடித்திருந்தோம். தெற்கு முளைக்கும் வடக்கு முளைக்கும் நடுவே சரியாக 440 அடி. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் புதிதாக அளக்க வேண்டாம் என்று அடித்த நிரந்தர முளைகள். மாடு தட்டாமலிருக்க முளையைச் சுற்றி மூன்று கல் வைத்திருந்தேன்.

வடக்கிலிருந்து வருகிற காலை பஸ்ஸின் டிரைவரிடம் சார் சொல்லிவைத்திருந்தார். அந்த இடத்தில் மட்டும் அவர் மீட்டர் முள்ளை முப்பது மைலிலே நிறுத்தி ஓட்டுவார். பஸ் வடக்கு முளையைத் தாண்டும்போது அங்கே நிற்கிற பையன் முகக்கண்ணாடியால் வெயிலைத் தெற்கே அடிப்பான். வெளிச்சம் விழுகிற கோணமும் திரும்புகிற கோணமும் சமம் என்ற பாடமும் அதிலேயே முடிந்துவிடும். தெற்கு முளையில் நான் ஊசலோடு நிற்பேன். முப்பத்தொன்பது அங்குலக் கயிறு, நுனியில் ஈயக்குண்டு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனால் ஒரு செகண்ட். வெளிச்சம் கண்ணில் பட்டதும் குண்டை விட்டு எண்ணத் தொடங்குவேன். பஸ் என் முன்னால் வரும்போது பத்து. 440 அடியைப் பத்தால் வகுத்தால் செகண்டுக்கு 44 அடி, மணிக்கு முப்பது மைல். பஸ்ஸுக்குள் இருக்கிறவர்கள் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். வளர்ந்த ஒருவன் ரோட்டோரம் நின்று நூலில் குண்டை ஆட்டிக்கொண்டு வாய்க்குள் எண்ணினால் வேறென்ன செய்வார்கள்.

2. பஸ் மெதுவாகப் போனது

அந்த வருஷம் எல்லைக்காக ஜாதை ஊர்வலம், கடையடைப்பு, தடியடி என்று டுட்டோரியல் பல நாள் பூட்டிக் கிடந்தது. பஸ்ஸும் ஓடவில்லை. திறந்தபோது மழை பெய்து ரோட்டோரமெல்லாம் முழங்கால் புல். சார் உடனே புது பேட்ச்சை பஸ் கணக்குக்கு அனுப்பினார். வடக்கு முளையில் கண்ணாடியோடு நிற்க செல்லத்துரையைப் போட்டார்.

செல்லத்துரைக்கு ஊர் அம்பூரி. அம்மா அங்கே ரப்பர் வெட்டுகிறாள். அப்பா இல்லை. வார நாளெல்லாம் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வான். நெய்யாறு அணை வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே அளவு பிடிக்கிற வேலைக்கு இவனை எடுப்பதாக ஒரு ஓவர்சியர் அம்மாவிடம் வாக்குச் சொல்லியிருந்தார். பத்தாம் கிளாஸ் பாஸாகி வர வேண்டும், இந்தப் பரீட்சைக்கு மேல் காத்திருக்க முடியாது என்பது நிபந்தனை. மற்ற எல்லாப் பாடத்திலும் அவன் கரையேறிவிட்டான். பிசிக்ஸ் மட்டும் பாக்கி.

அன்று என் ஊசல் பன்னிரண்டு எண்ணியது. மறுநாளும் பன்னிரண்டு. 440 அடியைப் பன்னிரண்டால் வகுத்தால் மணிக்கு இருபத்தைந்து மைல். சார் முதலில் என் கயிற்றைப் பிடுங்கி அளந்தார். கயிறு சரி. பிறகு பஸ்ஸை மறித்து டிரைவரைக் கேட்டார்.

"சாரே, முள்ளு முப்பதிலே நிக்குதத நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்," என்றார் டிரைவர். "கணக்கு தெரியாத பிள்ளையள வச்சோண்டு எனக்க வண்டியக் குத்தம் சொல்லுதியளே."

மிச்சம் இருந்தது செல்லத்துரை. பஸ் முளைக்கு வருவதற்கு இரண்டு செகண்ட் முன்னாலேயே நீ கண்ணாடி அடிக்கிறாய் என்றார் சார். முன்சக்கரம் முளைக்கு நேராக வந்தபோதுதான் அடித்தேன் என்றான் அவன். மூன்றாம் நாளும் பன்னிரண்டு. கிளாஸே அவனுக்கு 'ரெண்டு செகண்டு' என்று பேர் வைத்துவிட்டது.

அன்று மதியம் அவன் எழுந்து நின்று கேட்டான்: "சார், தூரம் சரியாக்குமா?"

கிளாஸ் சிரித்தது. சாரும் சிரித்தார். "தூரம் ரோட்டிலே கெடக்குது மக்கா. நீட்டி விடதுக்கு ரோடு என்ன ஒனக்க அம்மை வெட்டுத ரப்பராடே?"

இப்போது யோசித்தால், எங்களில் ஒருவனுக்கும் அந்தக் கேள்வி தோன்றாததற்குக் காரணம் உண்டு. கணக்கின் தலைப்பில் 'கொடுக்கப்பட்டவை: தூரம் 440 அடி' என்று இருக்கும். அந்தப் பகுதியில் யாரும் கை வைப்பதில்லை. கண்டுபிடிக்க வேண்டியது கீழே இருக்கிறது என்று நேரே கீழே போய்விடுவோம். நான் தெற்கு முளையில் ஊசலை விட்டு நகர முடியாது. அங்கிருந்து பார்த்தால் வடக்கே ஒரே மாதிரி தென்னை, ஒரே மாதிரி மரச்சீனி வேலி, நடுவே ஒரு பையன். அவனோ முளை முன்பு எங்கே இருந்தது என்று அறியாத புது ஆள்.

சாயங்காலம் சங்கிலி கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் விடிந்ததும், முதல் பஸ் வருவதற்கு முன்னால், தனியாகப் போனான். சங்கிலியின் ஒரு முனையை ஆணியால் தரையில் குத்தி, மறுமுனையை இழுத்து, அப்படியே அளந்துகொண்டு போயிருக்கிறான். ஒரு சங்கிலி 66 அடி. எட்டுச் சங்கிலி வந்தது. 528 அடி. வடக்கு முளை 88 அடி தள்ளிப் போயிருந்தது. அதைப் பிடுங்கிச் சரியான இடத்தில் அடிக்கலாம் என்று தூக்கிக்கொண்டு வருகிறபோது போலீஸ் வண்டி வந்தது.

3. மேஜை மேல் மூன்று சாமான்

கலவரத்துக்காக வந்த போலீஸ் ஒரு கொப்பரைக் கொட்டகையில் தங்கியிருந்தது. நானும் சாரும் போனபோது இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் சங்கிலி, முளை, அவன் சட்டைப் பையில் கிடந்த முகக்கண்ணாடி மூன்றும் வரிசையாக இருந்தன. எல்லை அளக்கச் சங்கிலி, எல்லை நட முளை, தூரத்து ஆளுக்கு சிக்னல் காட்டக் கண்ணாடி. சாமானை மட்டும் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

மூலையில் செல்லத்துரை தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலர் கிழிந்து, கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

சார் விஷயத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் வடக்கே எங்கேயோ உள்ளவர், கெட்ட மனிதரில்லை. "சாரே, ஞானும் காலேஜில் சயன்ஸ் படிச்சதா," என்று மலையாளத்தில் தொடங்கினார். பையன் கணக்குப் போட்டுக் காட்டட்டும் என்றார். செல்லத்துரை ஒரு காகிதத்தில் போட்டான். தூரம் 440, நேரம் பத்து, வேகம் 44. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் இரண்டு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, அதே சங்கிலியைக் கொடுத்து, தெற்கு முளையிலிருந்து இவன் முளையைப் பிடுங்கிய குழி வரைக்கும் அளந்து வரச் சொன்னார்.

வந்து சொன்னார்கள். எட்டுச் சங்கிலி.

பள்ளிக்கூட முளை 440 அடியில் அல்லவா இருக்க வேண்டும், 528 அடியில் எப்படி வந்தது என்று கேட்டார். செல்லத்துரை எழுந்து நின்றான். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"அதத்தான் நான் கண்டுபிடிச்சேன் சார். தூரம் கூடிப் போச்சு. அதுனாலயாக்கும் நேரம் கூடினது. 528ஐ பன்னிரண்டால வகுத்துப் பாருங்க, 44 தான். பஸ்ஸும் சரி, ஊசலும் சரி. நானும் சரி."

சார் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் காகிதத்தில் வகுத்துப் பார்த்தார். நாற்பத்து நான்கு வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: அப்படியானால் முளையை மாற்றியது யார்?

யாருக்கும் தெரியவில்லை.

எல்லைக் கல் நடுகிறார்கள் என்று ஏற்கனவே மேலிடத்துக்கு மொட்டைப் பெட்டிஷன் போயிருக்கிறது, முளை நகர்ந்திருப்பதை இப்போது நீங்களே கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டீர்கள், நகர்ந்த முளை கையில் இருந்தவனை விட்டால் நான் என்ன பதில் எழுதுவது என்று கேட்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார். மாற்றியவன் நேரில் வந்து மாற்றினேன் என்று சொல்லட்டும், பையன் அன்றைக்கே போகலாம்.

கணக்கு தப்பாக இருந்திருந்தால் முட்டாள் பயல் என்று நாலு திட்டுத் திட்டி விட்டிருப்பார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

4. எண்பத்தெட்டு அடி மரச்சீனி

ஆளைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியிருக்கவில்லை. பழைய முளை இருந்த இடத்தைப் புல்லை விலக்கித் தேடினேன். ஞானமுத்து அண்ணன் மரவள்ளிக் கிழங்கு போடுகிற மரச்சீனி விளையின் தெற்கு மூலை. பிடுங்கிய குழி இருந்தது வடக்கு மூலை. விளையின் ரோட்டோர நீளம் அப்படியே 88 அடி. மூன்று கல்லையும்கூட நான் வைத்த மாதிரியே கொண்டுபோய் வைத்திருந்தார்.

சாரும் நானும் வீட்டுக்குப் போனோம். அவர் மறைக்கவில்லை. "நானாக்கும் மாத்தினேன். நீங்க எல்லை போட்டியன்னு நெனச்சேன்."

"எங்களப் பாத்தா எல்லை போடுத ஆளு மாதிரியா அண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"சங்கிலி பிடிக்கிய. கண்ணாடி அடிக்கிய. நீ குண்ட ஆட்டிட்டு வாய்க்குள்ள மந்திரம் சொல்லுத. பின்ன நாங்க என்னத்த நெனைக்க?"

வீடு தெற்கே, விளை வடக்கே. முளைதான் எல்லையானால் வீடு ஒரு ராஜ்யம், கிழங்கு இன்னொரு ராஜ்யம். ஒரு மூடு கிழங்கு பிடுங்கி வந்து அவிக்கவும் செக்போஸ்ட்டில் நிற்க வேண்டி வரும் என்று அவர் பயந்திருக்கிறார். டுட்டோரியல் பூட்டிக் கிடந்த நாளில் முளையை விளைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அடித்துவிட்டு, அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாராம்.

சார் செல்லத்துரையின் பரீட்சையைப் பற்றி, அணை வேலையைப் பற்றி, அவன் அம்மாவைப் பற்றி எல்லாம் சொன்னார். ஸ்டேட்மெண்ட் கொடுத்தால் போதும் என்று கையைக் கூப்பினார். சார் யாரிடமும் கை கூப்பி நான் கண்டதில்லை.

ஞானமுத்து அண்ணன் உள்ளே பார்த்தார். அவருடைய மூத்த மகன் பாயில் படுத்திருந்தான். ஜாதைக்குப் போனபோது பிடித்துக்கொண்டு போய், வலது கை ஒடிந்து திரும்பி வந்தவன். மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தது.

"சாரே, இவன் போன மாசம் வந்தான். நான் இப்பம் அங்க போயி எல்லை முளைய மாத்தினது நானாக்கும்னு சொன்னா, பள்ளிக்கூட முளைன்னு யாரு கேப்பா? இளையவனையும் கொண்டு போவாவ. எனக்கு ஒக்காது, என்னால முடியாது."

கிளம்பும்போது அவர் மனைவி அவித்த கிழங்கும் அரைத்த மிளகாயும் வாழையிலையில் பொதிந்து கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்கு என்றாள். சார் வாங்கவில்லை. நான் வாங்கினேன். பட்டினி கிடப்பவனுக்குக் கௌரவம் பார்த்து என்ன ஆகப் போகிறது.

வழியில் நான் சாரிடம், பேரை நாமே சொல்லிவிடலாம் என்றேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். "ஒருத்தனை எடுக்கதுக்கு அந்த எடத்திலே இன்னொருத்தனை வைக்கணுமோடே?" என்றார். அது எனக்குச் சொன்ன பதிலா, அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதா என்று தெரியவில்லை.

செல்லத்துரை பொதியைப் பிரித்துச் சாப்பிட்டான். பாதியில் கேட்டான்: "இது யாருக்க வீட்டு கெழங்கு?"

"அந்த எண்பத்தெட்டு அடியிலே வெளைஞ்சதாக்கும்."

புரிந்துகொண்டான். "வர மாட்டாரா?"

"மாட்டாரு. நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் பேரைச் சொல்லுதேன். நாளைக்கு நீ வெளியே."

"அவருக்க மோனுக்குத்தானே கை ஒடிஞ்சுது?"

"ஆமா."

"வேண்டாம் பின்னே," என்றான். இலையில் மீதி இருந்ததையும் வழித்துச் சாப்பிட்டான். நான் எப்போதும் ஏதாவது கேலி சொல்லித்தான் அந்த இடத்தை விட்டுக் கிளம்புவேன். அன்று வெறும் இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

5. பரீட்சை

போலீஸ் காவலோடு பரீட்சை எழுத விட வேண்டும் என்று சார் மனு கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதை மேலே அனுப்பினார். அனுப்பினார் என்பது உண்மை, நானே பார்த்தேன். மேலேயிருந்து பதில் வருவதற்குள் பிசிக்ஸ் பரீட்சை முடிந்துவிட்டது.

அன்று மற்றப் பிள்ளைகளை நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே புளியமரத்தடியில் நின்றேன். வெளியே வந்தவர்களிடம் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். சராசரி வேகம் கண்டுபிடிக்கிற கணக்கு ஒன்று இருந்தது. தூரம் கொடுக்கப்பட்டிருந்தது.

பரீட்சை முடிந்த மறுவாரம் கேஸ் ஒன்றும் இல்லை என்று செல்லத்துரையை விட்டுவிட்டார்கள். சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கண்ணாடி உடைந்திருந்தது. கொட்டகையில் இருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு அவன் அம்பூரி பஸ் ஏறினான். அடுத்த தடவை எழுதலாம் என்று சார் சொல்லிப் பார்த்தார். அதற்குள் எல்லையையும் போட்டுவிட்டார்கள். அது எங்கள் முளைக்குத் தெற்கே வெகு தூரம் தள்ளி விழுந்தது. எங்கள் ஊர் மலையாளப் பக்கம் போனதால் டுட்டோரியலில் தமிழ் பேட்ச்சுக்கு ஆள் சேரவில்லை. ஞானமுத்து அண்ணனின் வீடும் விளையும் ஒரே பக்கமாகவே விழுந்தன. முளையைத் தொடாமலே இருந்திருந்தாலும் அப்படித்தான் விழுந்திருக்கும்.

புதிதாக வருகிற தம்பிமாருக்கு இதில் உள்ள பாடம் இவ்வளவுதான். ரோட்டில் நிரந்தர முளை அடிக்காதீர்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு, கணக்கு முடிந்ததும் அழித்துவிடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் இன்ன வேலை செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூரம் சரியா என்று ஒரு பையன் கேட்டால், கிளாஸ் சிரித்து முடிப்பதற்குள் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் அவனோடு போங்கள்.

பிறகு ஒரு கல்யாணத்துக்குக் கள்ளிக்காடு போனபோது அணை வேலையைப் பார்க்கப் போனேன். செல்லத்துரை அங்கேதான் இருந்தான். அளவு பிடிக்கிற வேலையில் வேறு ஒரு பையன். இவன் தலைச்சுமடாகக் கல் கொண்டுபோகிறவர்களின் வரிசையில் வந்துகொண்டிருந்தான். ஆள் கறுத்து, கழுத்து தடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் கல்லை இறக்கிவிட்டு வந்தான். வேலை கொள்ளாமா, நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"எந்த வேலை?" என்றான். "பாரத்தத் தலையிலே வச்சோண்டு சமநெலத்திலே நடந்தா செய்த வேலை சைபர். சார் படிப்பிச்சதில்லியா. காலையிலே இருந்து நான் ஒரு வேலையும் செய்யல்ல, கேட்டியா. மேஸ்திரிட்ட சொல்லிப் போடாத."

மேஸ்திரி அங்கிருந்து சத்தம் போட்டான். செல்லத்துரை சும்மாட்டைச் சரியாக வைத்துக்கொண்டு, அடுத்த கல்லுக்குப் போய்க் குனிந்தான்.